மூச்சைக் கேட்கும் தொலைபேசி

1876ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் தம் உதவியாளரை அடுத்த அறையிலிருந்து கம்பி வழியே கூப்பிட்டார். அதன்பின் நான்கு ஆண்டுகள்கூட நிறைவதற்கு முன் அந்தக் கருவி வைத்தியத் தொழிலுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. இரவு வேளையில் குழந்தை ஒன்று இருமுகிறது. பெயரைக் கேட்டாலே பெற்றோர் நடுங்கிய 'குரூப்' என்னும் தொண்டை அடைப்பு வந்துவிட்டதோ என்று அஞ்சிய வீட்டார், குடும்ப வைத்தியரைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். அவரோ புறப்பட்டு வராமல், குழந்தையைத் தூக்கிவந்து கருவியின் அருகே பிடிக்கும்படி சொல்லி, அது இருமுவதைக் காது கொடுத்துக் கேட்டு, இது குரூப் அல்லவென்று தைரியம் கூறிவிடுகிறார். 1879 நவம்பரில் லண்டன் 'லான்செட்' சஞ்சிகையில் இச்செய்தி வெளியாயிற்று.

தொலைபேசி வைத்தியத்தின் சரித்திரம் மூச்சைப் பற்றிய ஒரு நோயில் தொடங்கியது தற்செயலாக இருக்கலாம்; ஆயினும் மிகவும் பொருத்தமான தற்செயல்தான். முறிந்த எலும்பையும் தோலில் படர்ந்த தடிப்பையும் காதினால் அறிய வழியில்லை. ஆனால் வெளிவிடும் மூச்சே குரலாகிறபடியால், சுவாசம் குன்றியவன் தன் குறையைச் சொல்லத் தொடங்கும்போதே அக்குறை அவன் சொல்லில் வெளிப்பட்டுவிடுகிறது. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க இயலாமை கடுமையான ஆஸ்துமாத் தாக்குதலின் அறிகுறிகளில் ஒன்று என்று பிரிட்டிஷ் மார்புநோய்ச் சங்கத்தாரின் வழிகாட்டு நூல் வகுத்திருக்கிறது. நிமிஷத்துக்கு 25 முறைக்குக் குறையாத சுவாசம், 110க்குக் குறையாத நாடித் துடிப்பு ஆகியவற்றுக்குச் சமமான ஸ்தானம் அதற்கு அந்நூலில் உண்டு. தொலைபேசியின் மறுமுனையில் அமர்ந்திருக்கும் அனுபவசாலியான நர்ஸ், நோயாளி சொல்லும் விஷயத்தை மட்டுமன்றி, எத்தனை சொல்லுக்கு ஒரு முறை அவர் நிறுத்துகிறார், நிறுத்தும்போது உள்ளே இழுக்கும் காற்றில் விசில் சத்தம் உண்டா, போன மாதம் பேசிய குரலுக்கும் இன்றைய குரலுக்கும் வேற்றுமை உண்டா என்பவற்றையெல்லாம் கவனித்துக்கொண்டிருக்கிறார்.

இங்கிலாந்தில் இந்த வேலையைச் செய்பவர்கள் சாதாரண நர்ஸுகள் அல்லர்; சுவாச நோய்களுக்கென்றே பிரத்தியேகமாகப் பயின்றவர்கள். 1980களில் கிரெட்டா பார்ன்ஸ் என்னும் நர்ஸ், ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபர்ட் நகரில் ஆஸ்துமாப் பயிற்சி நிலையம் ஒன்றை ஸ்தாபித்தார். குடும்ப வைத்தியர்களின் சிகிச்சை நிலையங்களில் பணிபுரிந்த நர்ஸுகள் பலர் இத்தகைய பயிற்சியினால், டாக்டருக்கு ஏவல் செய்பவர்கள் என்ற நிலையிலிருந்து, தாமே நோயாளியை ஆராய்ந்து சிகிச்சையைச் சீர்செய்பவர்களாக உயர்ந்தனர். 2006 முதல், உரிய தகுதி பெற்ற நர்ஸ் ஏறக்குறைய எல்லா மருந்துகளுக்கும் தம் கையெழுத்திலேயே சீட்டு எழுதித் தரவும் அந்நாட்டுச் சட்டம் இடமளித்தது. தொலைபேசியில் பேசுபவருக்கு இந்த அதிகாரம் இன்றியமையாதது. 'மருந்தை மாற்றலாம், ஆனால் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்' என்று ஒவ்வொரு முறையும் பேச்சை முடிக்க வேண்டியிருந்தால் அதை ஆலோசனை என்று சொல்வதைவிடச் செய்தி அனுப்புதல் என்பதே பொருந்தும்.

சுவாச நோயாளிகளுள் ஆஸ்பத்திரிக்கு வராதவர்கள் இரு வகையினர். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி., முற்றியவர்களுக்கு வருவதே தண்டனை: குளிர் காற்றில் வீட்டுப் படியிறங்க வேண்டும், வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து நெடுந்தூரம் நடக்க வேண்டும், சிலர் பிராணவாயுச் சிலிண்டரையும் உடன் இழுத்துவர வேண்டும். இத்தனை பிரயாசையும் பட்டு வந்து சேர்ந்தவர், தம்முடைய வழக்கமான மூச்சு எப்படியிருக்கும் என்பதை நர்ஸுக்குக் காட்டவே முடியாத நிலையில் நாற்காலியில் சாய்ந்துவிடுகிறார். மற்றொரு வகையினர் இவர்களுக்கு நேர்மாறானவர்கள். ஆஸ்துமா உள்ள இளைஞர், வேலைக்குப் போகிறார், இழுப்பு வந்தால் நீல நிற இன்ஹேலரை இரண்டு முறை அழுத்திக்கொள்கிறார், அது விட்டதும் வியாதியையே மறந்துவிடுகிறார். வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வரும்படி கடிதம் வந்தால், உடம்பு நன்றாயிருக்கும்போது அரை நாள் விடுப்பு எதற்கு என்று அதை மடித்து வைத்துவிடுகிறார். முதல் வகையினரிடம் நமக்கு இரக்கம் பிறக்கிறது. ஆனால் இரண்டாம் வகையினரைக் குறித்தே அதிகக் கவலை கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதற்குக் காரணம் உண்டு.

2012 பிப்ரவரி முதல் ஓராண்டுக் காலத்தில் பிரிட்டனில் நிகழ்ந்த ஆஸ்துமா மரணங்களை லண்டன் ராயல் வைத்தியக் கல்லூரி தனித்தனியே விசாரித்து, 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆஸ்துமாவினால்தான் என்று உறுதி செய்யப்பட்ட 195 மரணங்களுள், 43 சதவீதத்தினர் அதற்கு முந்தைய ஓராண்டில் குடும்ப வைத்தியரின் நிலையத்தில் ஆஸ்துமாப் பரிசோதனை எதற்கும் உட்பட்டதாக ஆதாரம் இல்லை. 45 சதவீதத்தினர் வைத்திய உதவியை நாடாமலோ, நாடிய உதவி வந்து சேர்வதற்கு முன்போ உயிர் துறந்தனர். உடனடி நிவாரணம் தரும் நீல இன்ஹேலரை உபயோகித்து வந்தவர்களில் 39 சதவீதத்தினர் ஓராண்டில் பன்னிரண்டுக்கு மேல் வாங்கியிருந்தனர். ஆறு பேருக்கு ஐம்பதுக்கும் மேல் கொடுக்கப்பட்டிருந்தது! மூச்சுக் குழாயின் உட்புற வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை நாள்தோறும் முறையாக எடுத்துக்கொள்பவருக்கு நீல இன்ஹேலர் வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ போதும். ஐம்பது என்பது வாரம் ஒன்று. ஒவ்வொரு முறையும் எவரோ ஒருவர் சீட்டு எழுதினார், எவரோ ஒருவர் மருந்தை எடுத்துக் கொடுத்தார். நோயாளியை அழைத்து, 'இவ்வளவு ஏன் செலவாகிறது?' என்று கேட்க வேண்டும் என்றுதான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனவே தொலைபேசிச் சேவை என்றதும் நம் மனத்தில் தோன்றும் சித்திரத்தைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. துன்பப்படுகிறவர் அழைப்பார், நாம் பதில் சொல்வோம் என்று காத்திருப்பது ஒரு முறை. 1998இல் தொடங்கி 2014 வரை நடந்த 'என்.எச்.எஸ். டைரக்ட்' என்னும் நர்ஸுகளின் தொலைபேசி நிலையமும், அதன் இடத்தில் வந்த 111 என்னும் எண்ணும், 'ஆஸ்துமா அண்டு லங் யூ.கே.' என்ற தர்ம ஸ்தாபனம் நடத்தும் உதவித் தொலைபேசியும் அத்தகையவை. அவற்றின் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தம் நோய் முற்றிவருவதை அறியாதவர் எவரையும் அழைக்கமாட்டார். அந்த அறிக்கையில் எண்ணிக்கையாகிவிட்டவர்களுள் எத்தனையோ பேர் அவ்வாறு அழையாதவர்கள். மருந்துச் சீட்டுக் கணக்கைப் புரட்டி, நீல இன்ஹேலர் அதிகம் வாங்கியவர் யார், ஸ்டீராய்டு இன்ஹேலரைப் புதுப்பிக்காமல் விட்டவர் யார், வருஷப் பரிசோதனைக்கு வராதவர் யார் என்று ஜாபிதா தயாரித்து, நர்ஸே அவர்களை வரிசையாக அழைக்கும் முறைதான் இத்தகைய சேவையின் முதுகெலும்பு.

இப்படி அழைப்பதனால் பலன் உண்டா என்பதை டாக்டர் ஹிலாரி பின்னாக் என்பவரும் அவருடைய சகாக்களும் முறைப்படி சோதித்து, 2003இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் எழுதினார்கள். இங்கிலாந்தில் நான்கு குடும்ப வைத்திய நிலையங்களைச் சேர்ந்த, சமீபத்தில் ஆஸ்துமாப் பரிசோதனைக்கு வராத 278 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை நர்ஸ் தொலைபேசியில் விசாரிக்கவும், மற்றப் பிரிவினரை வழக்கம்போல நேரில் வரச் சொல்லவும் ஏற்பாடு செய்தார்கள். மூன்று மாதத்தில் தொலைபேசிப் பிரிவில் 74 சதவீதத்தினரின் பரிசோதனை நிறைவேறிற்று. நேரில் வர அழைக்கப்பட்டவர்களில் 48 சதவீதத்தினரே பரிசோதனை பெற்றனர். நேர்ச் சந்திப்புக்கு ஏறக்குறைய 22 நிமிஷம் சென்றது. தொலைபேசிக்கு 11 நிமிஷம். நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்திலோ திருப்தியிலோ இரு பிரிவினருக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நேரம் பாதியாயிற்று என்பதைக் கண்டு நிர்வாகிகள் மகிழ்ந்திருப்பார்கள். நான் மகிழ்வது வேறொன்றுக்கு. நேரில் வராத பழக்கமுள்ளவர்களில் நூற்றுக்கு இருபத்தாறு பேர் கூடுதலாக ஒரு நர்ஸின் குரலைக் கேட்டார்கள்.

அந்தப் பத்துப் பதினொரு நிமிஷத்தில் என்ன கேட்கிறார்கள்? கேள்வி என்பதும் ஓர் உபகரணம்தான். அதையும் பட்டை தீட்டித்தான் பயன்படுத்த வேண்டும். இந்தக் கலையில் முன்னோடி என்று சொல்லத்தக்கவர் டாக்டர் சார்லஸ் ஃபிளெட்சர். 1941இல் ஆக்ஸ்ஃபர்டில் முதன்முதலாகப் பென்சிலின் மருந்தை நோயாளிக்கு ஏற்றியவரும் இவரே. பிற்காலத்தில் தொலைக்காட்சியில் தோன்றிப் பாமர மக்களுக்கு வைத்திய விஷயங்களை விளக்கியவரும் இவரே. தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோயை ஆராயும் பொறுப்பை 1945இல் ஏற்றுக்கொண்ட அவர், 'மூச்சு வாங்குகிறதா?' என்று பொதுப்படக் கேட்பதனால் பயனில்லை என்பதை உணர்ந்தார். ஏனெனில் மலைச்சரிவில் வாழும் சுரங்கத் தொழிலாளிக்கு மூச்சு வாங்காத நாளே இல்லை. சமதரையில் உம் வயதினரோடு ஈடுகொடுத்து நடக்க முடிகிறதா, நூறு கெஜம் நடந்ததும் நிற்க வேண்டியிருக்கிறதா, உடை மாற்றும்போதே மூச்சு முட்டுகிறதா என்று செயலைச் சுட்டிக் கேட்கும் அளவுகோல் அந்த ஆராய்ச்சிகளின் வழியே உருவாயிற்று. ஐந்து படிகள் கொண்ட அந்த அளவுகோல் இன்றும் உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. அதற்கு ஸ்டெதஸ்கோப் வேண்டியதில்லை, தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம்.

ஆஸ்துமாவுக்கு ராயல் வைத்தியக் கல்லூரி மூன்று கேள்விகளை வகுத்திருக்கிறது: இருமலோ இழுப்போ இரவுத் தூக்கத்தைக் கெடுத்ததா, பகலில் தொந்தரவு தந்ததா, வழக்கமான வேலைகளுக்கு இடையூறாயிற்றா. சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு எட்டுக் கேள்விகளும் நாற்பது மதிப்பெண்ணும் கொண்ட வேறொரு வினாத்தாள் உண்டு. இவற்றோடு, மார்ட்டின் ரைட் என்பவர் 1950களில் கண்டுபிடித்த பீக் ஃப்ளோ மீட்டர், ஊதும் காற்றின் வேகத்தை அளந்து சொல்கிறது. இப்போது அது பிளாஸ்டிக் குழாயளவுக்குச் சுருங்கிவிட்டபடியால் நோயாளி தம் வீட்டில் ஊதிப் பார்த்து, எண்ணை நர்ஸிடம் படித்துக் காட்ட முடியும். தமது சிறந்த அளவில் பாதிக்குக் குறைந்தால் நிலைமை கடுமை. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்தால் உயிருக்கு அபாயம்.

இவ்வளவு சொன்ன பிறகு, தொலைபேசியினால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். இன்ஹேலரை உபயோகிக்கும் முறை அவற்றுள் தலையாயது. குலுக்கி, மூச்சை முழுதும் வெளிவிட்டு, வாயில் பொருத்தி, மெல்ல இழுக்கத் தொடங்கும் கணத்தில் அழுத்தி, இழுத்ததைப் பத்து விநாடி அடக்கி வைத்தால்தான் மருந்து நுரையீரலைச் சென்றடையும். அவசரமாக இழுத்தால் தொண்டையில் படிந்துவிடும். வருஷக்கணக்காகத் தவறாக உறிஞ்சிக்கொண்டிருப்பவரும், சரியாக எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டால், ஆம் என்றே மனப்பூர்வமாகச் சொல்வார். உதடு நீலம் பாரித்திருப்பதையும், கணுக்கால் வீங்கியிருப்பதையும், தோள் தசைகளை உயர்த்தி மூச்சு விடுவதையும் காது அறியாது. எல்லாவற்றிலும் அபாயமானது ஒன்று உண்டு: மூச்சுக் குழாய்கள் மிகவும் இறுகி, காற்றே புகாத நிலையில் இழுப்புச் சத்தம் நின்றுபோகிறது, அமைதியைக் கேட்டுக் குணம் என்று எண்ணினால் உயிர் போய்விடும். ஆகையால் விவேகமுள்ள நிலையங்களில், புதிய நோயாளியை முதலில் நேரில் பார்த்து, இன்ஹேலரைக் கையில் கொடுத்து உறிஞ்சச் சொல்லித் திருத்தி, அதன்பின்னரே தொலைபேசிக்கு மாற்றுகிறார்கள். கேள்விகளுக்குக் கிடைக்கும் விடை திருப்தியளிக்காவிட்டால் மீண்டும் நேரில் வரவழைக்கிறார்கள்.

இச்சேவையை ஏற்பாடு செய்வதில் கருவிக்கு ஆகும் செலவு அற்பம். நேரத்தை ஒதுக்குவதில்தான் சிக்கல் எல்லாம். நர்ஸுகள் தொலைபேசியில் நோயாளிகளுக்குப் புத்தி சொல்வது புதிதன்று. புறநோயாளி நேரம் முடிந்தபின், உணவு வேளையில், மாலையில் வீட்டுக்குப் புறப்படும் முன், பதில் சொல்லும் இயந்திரத்தில் சேர்ந்திருக்கும் குரல்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகத் திருப்பி அழைத்துப் பேசுவது அவர்களுடைய நெடுநாளைய வழக்கம். அவ்வேலை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை; கணக்கில் ஏறாத வேலைக்கு ஆள் நியமிக்க எந்த நிர்வாகமும் முன்வருவதில்லை. அதைப் புறநோயாளிப் பகுதியைப் போலவே நாள் குறித்து, நேரம் குறித்து, ஒருவருக்கு இருபது நிமிஷம் என்று வகுத்து, முடிவில் குறிப்பு எழுதிக் குடும்ப வைத்தியருக்குப் பிரதி அனுப்பும் முறையாக்கும்போதுதான் அது சேவையாகிறது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் தரும் கட்டண விகிதத்தில், தொலைபேசி ஆலோசனைக்கு நேர்ச் சந்திப்பைவிடக் குறைந்த தொகையே வகுக்கப்பட்டிருந்தது. கவனமாகக் கேட்பதற்குப் பார்ப்பதைவிடக் குறைந்த உழைப்பா தேவைப்படுகிறது என்று நர்ஸுகள் மனத்தாங்கல் கொண்டால் அதில் நியாயம் இருக்கிறது.

சின்ன விஷயங்களும் உண்டு; சின்னவை என்று தள்ளினால் சேவையே நின்றுபோகும். ஆஸ்பத்திரியின் தொலைபேசி எண், அழைக்கப்படுபவரின் திரையில் தெரியாதபடி மறைக்கப்பட்டிருப்பது வழக்கம். மோசடிக்காரர்களுக்கு அஞ்சும் முதியவர்கள் பெயர் தெரியாத அழைப்பை எடுப்பதில்லை. எடுத்தவர் நோயாளிதானா என்று பிறந்த தேதி கேட்டு உறுதி செய்ய வேண்டும். காது மந்தமானவருக்கு இந்தச் சேவை உதவாது. லண்டனில் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் வசிக்கும் ஈழத்து முதியவர்களைப் போல ஆங்கிலத்தில் சரளமாகப் பேச இயலாதவர்களை அழைக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் அதே இணைப்பில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அவர் பேசி முடிப்பதற்குள் இருபது நிமிஷம் நாற்பதாகிவிடுமென்பதை முன்கூட்டியே நேர அட்டவணையில் எழுதிவைக்க வேண்டும். மகளே மொழிபெயர்த்தால் போதாதா என்றால், இரவில் எத்தனை தடவை எழுந்து உட்காருகிறேன் என்பதை மகளுக்குத் தெரியாமல் மறைக்கும் தகப்பனார்கள் நம்மில் நிறையவே இருக்கிறார்கள்.

தொலைபேசியில் நர்ஸ் எடுக்கும் முடிவுகள் எத்தகையவை என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். சி.ஓ.பி.டி. நோயாளிகள் சிலரிடம் முன்கூட்டியே மருந்துப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து வைக்கிறார்கள். அதில் ஐந்து நாளைக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் வீதம் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையும் ஓர் ஆண்டிபயாடிக்கும் இருக்கும். மூச்சுத் திணறல் வழக்கத்தைவிட அதிகமாகி, அதனால் அன்றாட வேலைகள் தடைப்பட்டால் ஸ்டீராய்டைத் தொடங்க வேண்டும். சளியின் நிறம் மாறி, அதன் அளவோ கெட்டித் தன்மையோ கூடினால்தான் ஆண்டிபயாடிக். இந்த நுட்பமான பாகுபாட்டைத் தனியே நின்று செய்ய நோயாளிக்குத் துணிவு வருவதில்லை. அல்லது அளவுக்கு மீறிய துணிவு வந்து மாதந்தோறும் பொட்டலத்தைப் பிரித்துவிடுகிறார். இரண்டு கோளாறுக்கும் பரிகாரம் நர்ஸின் ஐந்து நிமிஷப் பேச்சு. மற்றொன்று, நுரையீரல் நார்த்திசுவாக இறுகும் நோய்க்கு வழங்கும் பிர்ஃபெனிடோன் மாத்திரை. அதைத் தொடங்கியவருக்கு முதல் ஆறு மாதம் மாதந்தோறும் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை வேண்டும், வெயில் பட்டால் தோல் வெந்துபோகலாம், பசி மந்திக்கலாம். ரத்தத்தை வீட்டருகே கொடுத்துவிட்டு, முடிவைப் பற்றியும் பசியைப் பற்றியும் தொலைதூரத்து ஆஸ்பத்திரியின் நர்ஸோடு பேசிவிட முடியுமென்றால், மூச்சு குன்றிய ஒருவரை நூறு மைல் பிரயாணம் செய்யச் சொல்வதற்கு நியாயமே இல்லை.

2020ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் கொரோனாத் தொற்று வந்ததும், இந்த முறை பற்றிய தயக்கங்கள் ஒரே வாரத்தில் காற்றில் பறந்தன. புறநோயாளிப் பகுதிகள் மூடப்பட்டன. ஆலோசனைகள் பெரும்பாலும் தொலைபேசிக்குப் போயின. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்களை வீட்டுக்கு அனுப்பி, எண்ணைக் கேட்டறியும் ஏற்பாடும் அவ்வாண்டிலேயே பரவிற்று. அது ஆபத்துக் காலத்து வழி. ஆபத்து நீங்கிய பிறகும், கட்டடமும் நாற்காலியும் மிச்சம் என்ற கணக்கில் நேர்ச் சந்திப்பையே ஒழித்துவிட நினைக்கும் நிர்வாகம், இந்த முறையின் நோக்கத்தையே தலைகீழாக்குகிறது. எப்படிப் பேச விருப்பம் என்று நோயாளியைக் கேட்க வேண்டும். நேரில் வர விரும்புகிறேன் என்பவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும்.

கடைசியாக, அழைப்பை எடுக்காதவர் பற்றிய விதியை முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். ஒரு முறை அடித்துவிட்டு 'பதில் இல்லை' என்று குறித்துப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடுவது எளிது. ஆனால் எந்த நோயாளிகளுக்காக இந்த ஏற்பாடு தோன்றியதோ, அவர்களே பெரும்பாலும் எடுக்காதவர்கள். காலையில் எடுக்காதவரை மாலையில், வேலை நாளில் எடுக்காதவரை சனிக்கிழமையில் அழைத்துப் பார்த்து, அப்போதும் பயனில்லாவிடில் குறுஞ்செய்தியும் கடிதமும் அனுப்பி, அடுத்த முறை நீல இன்ஹேலருக்காகச் சீட்டுக் கேட்கும்போது அவரிடம் பேசாமல் சீட்டைப் புதுப்பிக்க வேண்டாம் என்று குடும்ப வைத்தியரின் குறிப்பேட்டிலும் மருந்துக் கடையிலும் எழுதிவைக்கச் செய்கிறார் தேர்ந்த நர்ஸ். சீட்டை அடியோடு மறுத்தால் இழுப்பு வந்த வேளையில் அவர் கையில் மருந்தே இல்லாமற் போகுமாகையால், ஒரேயொரு இன்ஹேலர் மட்டும் கொடுத்து, அதை வாங்க வரும் நாளில் தமக்குத் தகவல் தரும்படியும் கேட்டுக்கொள்கிறார்.